மடக்குக் கேமரா வாங்குவதானால்: நெட்டாரா, ஐசோலெட்டா, பெர்கியோவா, மாஸ்க்வாவா?

பழைய மடக்குக் கேமரா ஒன்றை வாங்க நினைப்பவர் முதலில் விசாரிப்பது லென்ஸின் பெயரைத்தான். டெஸ்ஸார் உசத்தியா, கலர் ஸ்கோபார் உசத்தியா, சோலினார் அவற்றுக்கு ஈடாகுமா என்று இரவெல்லாம் படித்துவிட்டு வருவார். எழுபது வயதை நெருங்கிய அல்லது தாண்டிய கருவியில் லென்ஸின் பெயர் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் கட்சி. லென்ஸுக்கும் உடலுக்கும் இடையே மடிந்து விரியும் துருத்தியில் ஓட்டை விழுந்திருந்தால் டெஸ்ஸாரும் ஒன்றுதான், சோடா பாட்டிலின் அடிப்பாகமும் ஒன்றுதான்.

இந்தக் கேமராக்கள் 120 என்ற ரோல் பிலிமில் ஓடுபவை. கோடாக் அதை 1901இல் கொண்டுவந்தது. கருப்புக் காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டிய அதே ரோல் இன்றும் புதிதாகத் தயாராகிறது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இயங்கிய காலத்தில் ‘இந்து’ பிலிம் அங்கிருந்தே நம் ஸ்டூடியோக்களுக்கு வந்தது. அந்த ஆலை மூடிவிட்டதால் இப்போது இறக்குமதியை நம்பியிருக்கிறோம். 35 மி.மீ. பிலிமில் ஒரு நெகடிவ் 24×36 மி.மீ. என்றால், 6×6 என்று சொல்லப்படும் நெகடிவ் உண்மையில் 56×56 மி.மீ. பரப்பளவில் மூன்றரை மடங்குக்கும் மேல். 6×9 என்றால் ஐந்து மடங்கைத் தாண்டும். இவ்வளவு பெரிய நெகடிவைத் தரும் இரட்டை லென்ஸ் கேமராவைக் கழுத்தில்தான் தொங்கவிட வேண்டும். மடக்குக் கேமராவோ, மூடிவிட்டால் கோட்டுப் பையில் அடங்கும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு விழுந்து, தோல் துருத்தி விரிந்து, லென்ஸ் தானாக முன்னால் வந்து நிற்கும். இந்தச் சுருக்கத்துக்காகத்தான் இதை வாங்குகிறோம் என்பதை மறந்துவிட்டால், தேர்வு முழுவதும் கோணலாகிவிடும்.

ஆகவே 6×6, 6×9 என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். 6×9இல் ஒரு ரோலுக்கு எட்டுப் படம், 6×6இல் பன்னிரண்டு. 6×9 கேமராக்களில் பெரும்பாலும் 105 மி.மீ. லென்ஸ் இருக்கும். துருத்தி நீளம், அதைத் தாங்கும் கால்களும் நீளம். நீண்ட கால்கள் என்றால் ஆட்டம் அதிகம், லென்ஸ் சற்றே சாய்ந்து நிற்கும் வாய்ப்பும் அதிகம். பிலிமும் அகன்ற சட்டத்தில் தட்டையாகக் கிடக்க மறுக்கும். மறுபக்கம், 6×9 நெகடிவை என்லார்ஜர் இல்லாமல் நேராகத் தாளில் வைத்து அச்சிட்டாலே ஆல்பத்தில் ஒட்டும் அளவுக்குப் படம் கிடைத்துவிடும். அந்த ஆசை இருப்பவர் அதையே வாங்கட்டும். மற்றவர்களுக்கு, குறிப்பாக முதல் கேமரா வாங்குபவருக்கு, 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் கொண்ட 6×6 போதும். சிறியது, உறுதியானது, பிலிம் செலவும் குறைவு.

அடுத்த கேள்விதான் பணத்தைத் தீர்மானிக்கிறது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தில் வைப்பதா, தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்பைண்டர் உள்ளதை வாங்குவதா?

75 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, எஃப் 11க்கு மூடி, தூரத்தைப் பத்து மீட்டரில் வைத்தால், ஏறக்குறைய ஐந்து மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவு வரை எல்லாம் தெளிவாக விழும். ஜெர்மன் நிறுவனமான ஜெய்ஸ் இக்கானின் பல மாடல்களில் தூர வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் அப்பர்ச்சர் அளவில் ஒரு சிவப்புப் புள்ளியும் இருப்பது இதற்காகத்தான். இரண்டையும் புள்ளியில் வைத்துவிட்டால் தெரு, கோபுரம், கடற்கரை எதையும் யோசிக்காமல் எடுக்கலாம். ஆனால் அதே லென்ஸை எஃப் 4.5க்குத் திறந்து இரண்டு மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஓர் அடிதான். இங்கே கண் மதிப்பீடு சறுக்கும். நிழலில் முகங்களை எடுக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ரேஞ்ச்பைண்டருக்குச் செலவழிப்பதில் நியாயம் உண்டு. வெயிலில் ஊர் சுற்றி எடுப்பவருக்கு அது வீண் எடை. இடைவழி ஒன்றும் இருக்கிறது: மேலே செருகிக்கொள்ளும் தனி ரேஞ்ச்பைண்டர் மலிவாகக் கிடைக்கும். அதில் தூரத்தைப் படித்து லென்ஸ் வளையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வளையத்தில் இருப்பது அடியா மீட்டரா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போன ஜெர்மன் கேமராக்களில் அடி இருக்கும். நம்மூர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதுதான் வசதியும்கூட.

நான்கு பெயர்கள்

அக்ஃபா ஐசோலெட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விலை குறைவு என்று எல்லோரும் முதலில் போய் விழுவது அதில்தான். மியூனிக்கில் தயாரான இந்த 6×6 கேமரா கைக்கு அடக்கமானது, பார்க்கவும் அழகு. ஆக்னார், அபோட்டார் என்ற மூன்று கண்ணாடி லென்ஸ்களோடும், உயர்ந்த மாடல்களில் சோலினார் என்ற நான்கு கண்ணாடி லென்ஸோடும் வந்தது. ஐசோலெட் 3இல் ரேஞ்ச்பைண்டரும் உண்டு. ஆனால் அது லென்ஸோடு இணைக்கப்படாதது. படித்த தூரத்தை நீங்களே வளையத்தில் வைக்க வேண்டும்.

இதற்கு இரண்டு பரம்பரை நோய்கள். ஒன்று துருத்தி. அக்காலத்தில் அக்ஃபா அசல் தோலுக்குப் பதிலாகப் பயன்படுத்திய பொருள், மடிப்பு மூலைகளில் நைந்து ஓட்டை விழும். இன்னொன்று போகஸ் வளையத்துக்குள் பூசிய கிரீஸ். பச்சை நிறத்தில் இருக்கும் அது காலப்போக்கில் இறுகி, ஒட்டுப்பசையின் வேலையைச் செய்கிறது. வளையத்தைத் திருப்பினால் அசையாது. பலம் கொடுத்துத் திருப்பினால்தான் ஆபத்து: முன் கண்ணாடி அதன் மரையில் சுழலாமல், பின்னாலிருக்கும் நடுக் கண்ணாடியையும் இழுத்துக்கொண்டு சுழன்றுவிடும். பிறகு வளையம் ‘முடிவிலி’ (கண்ணுக்கெட்டிய தொலைவு) என்று காட்டும், படத்தில் தூரத்து மலை மங்கலாக விழும். விற்பவர் “போகஸ் நன்றாகத் திரும்புகிறது” என்று எழுதியிருப்பார். அவர் சொன்னது பொய்யில்லை. திரும்புவது எது என்பதுதான் கேள்வி.

சரிசெய்ய முடியாத கோளாறு அல்ல இது. வளையத்தின் பக்கவாட்டில் இருக்கும் மூன்று குட்டித் திருகாணிகளைத் தளர்த்தி வளையத்தை உருவிவிட்டு, முன் கண்ணாடிக் கூட்டைத் தலைமுடி உலர்த்தியால் இளஞ்சூடாக்கி, மரை ஓரத்தில் லைட்டர் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக இறங்கவிட வேண்டும். காத்திருந்து, ரப்பர் பிடியால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் இளகிவிடும். பழைய கிரீஸை முழுதும் துடைத்து, புதியதைத் துளியளவு தடவி, முடிவிலியை மறுபடி அமைக்க வேண்டும். கை நிதானமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் உள்ளவருக்கு இது சுகமான வேலை. துருத்தி மாற்றுவது அப்படியல்ல. புதுத் துருத்தி செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், அதன் விலையையும் தபால் செலவையும் கூட்டினால் ‘மலிவான’ ஐசோலெட் என்ற பேச்சே அடிபட்டுப் போகும். துருத்தி மாற்றி, சர்வீஸ் செய்து ஒருவர் விற்றால் சோலினார் உள்ள ஐசோலெட் 3ஐக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். மற்றபடி வேண்டாம்.

ஜெய்ஸ் இக்கானின் நெட்டார் அந்த நிறுவனத்தின் ஏழைப் பிள்ளை. இக்கோன்டா வரிசைக்குக் கீழே, சாமானியர் வாங்கட்டும் என்று செய்தது. 1950களில் விற்பனையான 517/16, 518/16 என்ற 6×6 மாடல்களைத்தான் நான் சொல்கிறேன். நோவார் என்ற மூன்று கண்ணாடி லென்ஸ், எஃப் 6.3 அல்லது 4.5. பெயரைக் கேட்டு மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. முழுதாகத் திறந்தால் ஓரங்கள் மென்மையாகத்தான் இருக்கும். எஃப் 8க்கோ 11க்கோ மூடிவிட்டு, இந்த அளவு நெகடிவில் அச்சு எடுத்தால், அருகில் வைத்த டெஸ்ஸார் படத்திலிருந்து பிரித்துச் சொல்ல நல்ல கண் வேண்டும். இந்தக் கேமராக்களை நாம் பகலில் பயன்படுத்துவதே அந்த அப்பர்ச்சர்களில்தான். இவற்றைவிட முக்கியம், நெட்டாரின் துருத்தி பெரும்பாலும் இன்றும் ஒளி புகாமல் இருக்கிறது. கால்கள் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். வியூபைண்டர் சிறியது, மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் முனகுவார்கள். முதல் மடக்குக் கேமராவுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடியுமென்றால் பிரவுன்ஷ்வைக் நகரின் ஃபோக்ட்லெண்டர் செய்த பெர்கியோவைப் பாருங்கள். 6×6 மடக்குக் கேமராக்களில் இவ்வளவு சிறியதை வேறெங்கும் எளிதில் காண முடியாது. பெர்கியோ 2இல் நான்கு கண்ணாடி கலர் ஸ்கோபார் கிடைக்கும். முதல் படத்துக்கு மட்டும், பட எண்ணைக் காட்டும் பின்பக்கச் சிவப்பு ஜன்னலைப் பார்த்தால் போதும், பிறகு எண்ணும் பொறி தானே கணக்கு வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் சரியாக நிறுத்திவிடும். இந்தப் பொறியால் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. உள்ளே பிலிம் இல்லாவிட்டால் மேல் பொத்தான் பூட்டிக்கொண்டு நிற்கும். அறியாத வியாபாரி “ஷட்டர் பழுது” என்று விலையைக் குறைத்து விற்பார். ஷட்டரின் பக்கத்திலேயே இருக்கும் நெம்புகோலை விரலால் தள்ளிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நல்ல பேரம் கிடைக்கும் இடம் இது. ஆனால் அந்த எண்ணும் பொறியே பழுதானால், திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் தேவைப்படுவார்.

மாஸ்க்வா 5 வேறு ஜாதி. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1956 முதல் 1960 வரை தயாரான சோவியத் கேமரா. ஜெய்ஸின் 6×9 சூப்பர் இக்கோன்டாவை அச்சாக வைத்து உருவானது. சூப்பர் இக்கோன்டாவின் ரேஞ்ச்பைண்டர் ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு. லென்ஸுக்கும் உடலுக்கும் இடையே நெம்புகோல் தொடர்பு எதுவும் கிடையாது. லென்ஸோடு சேர்ந்து நிற்கும் ஒரு குட்டிக் கையில் இரண்டு ஆப்புக் கண்ணாடிகள் எதிரெதிராகச் சுழன்று ஒளியை வளைக்கின்றன. அதனால் ஆயிரம் தடவை மடக்கி விரித்தாலும் இணைப்பு தேயாது. அதே ஏற்பாடு மாஸ்க்வாவிலும் இருக்கிறது, மிகக் குறைந்த விலையில். சட்டம் செருகினால் 6×6உம் எடுக்கலாம். இன்டஸ்டார் 24 லென்ஸ் மூடிய அப்பர்ச்சர்களில் பிரமாதம். சிக்கல் என்னவென்றால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒன்றில் ரேஞ்ச்பைண்டர் தப்பாகக் காட்டும், இன்னொன்றில் லென்ஸைத் தாங்கும் பலகை சாய்ந்திருக்கும். திருப்பித் தரலாம் என்று உறுதி தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். கனமும் அதிகம், கோட்டுப் பைக்குள் போகும், ஆனால் கோட்டு ஒரு பக்கம் தொங்கும்.

காசு பிரச்சினை இல்லை என்பவருக்குச் சூப்பர் இக்கோன்டா 3 (531/16) இருக்கிறது. 532/16 என்ற பழைய மாடலில் எஃப் 2.8 டெஸ்ஸார் உண்டு, ஆனால் அது ஒரு ரோலில் பதினொரு படம்தான் தரும். ஃபோக்ட்லெண்டர் 1950இல் கொண்டுவந்த பெஸ்ஸா 2, 6×9 மடக்குக் கேமராக்களின் ராஜா. சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். ஜப்பானின் மமியா சிக்ஸில் லென்ஸ் அசையாது, போகஸுக்காகப் பிலிம் தளமே முன்பின் நகரும். அழகான யோசனை. பல மாடல்களில் பின்னாலுள்ள அழுத்தத் தட்டு தனியாகக் கழன்று வரும் என்பதால், வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். கோடாக்கின் அழகிய மடக்குக் கேமராக்களில் பல 620 ரோலுக்கானவை. பிலிம் அதேதான், உருளை மட்டும் மெல்லியது. 620 பிலிமை கோடாக் 1995இல் நிறுத்திவிட்டது. இருட்டில் 120 பிலிமை வேறு உருளைக்கு மாற்றிச் சுற்றும் பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வாங்கும் முன்

இணையத்தில் விற்பவர் “சோதிக்கவில்லை” என்று எழுதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சோதித்தார், பிடிக்கவில்லை. தாத்தா வீட்டுப் பரணிலிருந்து எடுத்து அப்படியே விற்பவர்கள் விதிவிலக்கு. அவர்களிடமும் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, பின்கதவைத் திறந்து, துருத்திக்குள் டார்ச் அடித்து, இருட்டறையில் வெளியிலிருந்து எடுத்த படம். இரண்டு, ஷட்டரை ஒரு நொடியில் வைத்து இயக்கும் காணொளி, ஒலியோடு. மெதுவான வேகங்களை இயக்கும் சிறு பற்சக்கரங்களில்தான் பழைய எண்ணெய் முதலில் இறுகும். ஒரு நொடி இரண்டு நொடியாக இழுத்தாலோ நடுவில் நின்றாலோ சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். 1/25, 1/75, 1/200 என்ற மூன்றே வேகங்கள் கொண்ட எளிய வாரியோ ஷட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. மெதுவான வேகமே அதில் கிடையாது. எளிமைக்கு ஒரு மதிப்பெண்.

சர்வீஸ் செய்த கேமரா ஒன்றரை மடங்கு விலை சொன்னாலும் பெரும்பாலும் அதுதான் லாபம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபாலும் சுங்கமும் சேரும். அதற்குமேல் பழுதுபார்க்க ஆள் தேடுவது தலைவலி.

கேமரா கைக்கு வந்ததும், தானியங்கி டைமர் நெம்புகோலைத் தொடாதீர்கள். பல ஷட்டர்கள் அந்த இடத்தில் சிக்கி, அதன்பின் எதற்கும் அசையாமல் போயிருக்கின்றன. காம்பூர் ராபிட் வகை ஷட்டரில் 1/400, 1/500 போன்ற உச்ச வேகத்தை, ஷட்டரின் ஸ்பிரிங்கை நெம்புகோலால் ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு அந்த எண்ணுக்குத் திருப்பினால் உள்ளே கூடுதல் ஸ்பிரிங் எதிர்க்கும்.

முடிவிலி சரியா என்று பிலிம் செலவில்லாமலே பார்த்துவிடலாம். பின்கதவைத் திறந்து, பிலிம் படியும் உள் தண்டவாளங்களின்மேல், மங்கலான செல்லோடேப் ஒட்டிய சிறு கண்ணாடித் துண்டை, டேப் பக்கம் லென்ஸை நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். ஷட்டரை ‘பி’யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து நிறுத்தி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, தூரத்து செல்போன் கோபுரத்தை நோக்கித் திருப்பினால், டேப்பின்மேல் அது தலைகீழாக விழும். உருப்பெருக்கியால் பார்த்தபடி போகஸ் வளையத்தை நகர்த்துங்கள். கம்பிகள் தெளிவாகும் இடமும் வளையம் முட்டி நிற்கும் இடமும் ஒன்றாக இருந்தால் நல்லது. நாலு மூலைகளையும் பாருங்கள். இடது மூலை தெளிந்து வலது மூலை மங்கினால் லென்ஸ் பலகை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கால்களைச் சற்றே நிமிர்த்தி இதைத் திருத்தலாம். துணிச்சல் இல்லாதவர் கேமராவைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

முதல் ரோல்

ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 125 உள்ள கருப்பு வெள்ளைப் பிலிமோடு தொடங்குங்கள். நம் மதிய வெயிலில் 400 பிலிமைப் போட்டால், உச்ச வேகம் 1/200 உள்ள ஷட்டரில் எஃப் 22 வரை மூட வேண்டி வரும். சில லென்ஸ்களில் அதுவே கடைசி எண். 100 பிலிம் என்றால் எஃப் 16, 1/100 என்ற பழைய வெயில் கணக்கே போதும். வயதான ஷட்டர்கள் சொன்னதைவிட மெதுவாகவே ஓடும். நெகடிவ் பிலிம் அந்தக் கூடுதல் ஒளியை மன்னித்துவிடும், ஸ்லைடு பிலிம் மன்னிக்காது.

பின்னாலுள்ள சிவப்பு ஜன்னல், சிவப்பைக் காணாத ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம்களின் காலத்து ஏற்பாடு. இன்றைய பிலிம்கள் சிவப்பையும் காணும். ஆகவே ஜன்னலைக் கருப்பு டேப்பால் மூடிவைத்து, நிழலில் நின்று, சுற்றும் நேரம் மட்டும் திறந்து எண்ணைப் பாருங்கள். கேமராவை மெல்லத் திறந்து, அதன் பிறகே பிலிமைச் சுற்ற வேண்டும். துருத்தி சட்டென்று விரியும்போது உள்ளே ஏற்படும் வெற்றிடம் பிலிமை முன்னோக்கி உறிஞ்சும். சுற்றினால் அது மறுபடி இழுபட்டுத் தட்டையாகும்.

முதல் சில படங்களைச் சோதனைக்கு ஒதுக்கிவிடுங்கள். தரையில் நீட்டிய அளவு நாடாவை இரண்டு மீட்டரில் போகஸ் வைத்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, சாய்வாக ஒன்று. தூரத்துக் கட்டடம் முழுத் திறப்பிலும் எஃப் 11இலும் ஒவ்வொன்று. ஒரே சுவரை ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும், அதற்கேற்ற அப்பர்ச்சரில். இன்னொன்றை எடுக்கும் முன், விரித்த கேமராவைச் சில நிமிடம் வெயிலில் எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டுங்கள்.

கழுவி வந்த நெகடிவைப் படமாகப் பார்க்கும் முன் அதன் ஓரங்களைப் பாருங்கள். கருமை படச் சட்டத்துக்குள் மட்டும் படிந்து, சட்டக் கோட்டில் சட்டென நின்றால் ஒளி புகுந்தது துருத்தி வழியாக; வெயிலில் காட்டிய அந்தப் படத்தில் அது மோசமாக இருக்கும். கருமை ஓரங்களிலும் இரண்டு படங்களுக்கு இடையிலும் பரவியிருந்தால் பின்கதவோ சிவப்பு ஜன்னலோ காரணம். அதற்குக் கருப்பு நூலும் டேப்பும் போதும். அளவு நாடாவில் இரண்டு மீட்டர் குறிக்குப் பதில் இரண்டரை தெளிந்திருந்தால் வளையத்தின் திருகாணியைத் தளர்த்தித் திருத்தலாம். சுவர்ப் படங்களில் 1/25உம் 1/75உம் ஒரே அடர்த்தியில் வந்து 1/200 மட்டும் அடர்ந்திருந்தால் உச்ச வேகம் சோர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். அது உண்மையில் என்ன வேகம் என்று குறித்து, கேமரா உறைக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கிலேயே அடுத்த ரோலைப் போடுங்கள்.